வாகைக்குளத்திலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்

பாளையங்கோட்டையில் பஸ், ரயில், விமானம் மூன்றுக்கும் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் ஊர் பேரைச் சொல்லி, "எப்படிப் போனா சீக்கிரம் போவலாம்?" என்று கேட்பார்கள். இப்போது செல்போனில் தூரமும் நேரமும் பார்த்துவிட்டு, கணக்கு முடிந்த கையோடு வருகிறார்கள். போன மாதம் முக்கூடலிலிருந்து ஒரு தம்பி வந்தான். அம்மாவைத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். "எக்கா, தூத்துக்குடி ஏர்போர்ட்டுலேர்ந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு 125 கிலோமீட்டர்தானாம். அரை மணி நேரத்துல போயிரும்னு போட்டிருக்கு. ரெண்டு டிக்கெட் போடுங்க" என்றான்.

அவன் பார்த்த தூரம் சரிதான். ஆனால் அந்தத் தூரத்தைப் பறக்கிற விமானம் கிடையாது. இதை விளக்கமாக எழுதிவைத்தால் இன்னும் பலருக்கு உதவும் என்று தோன்றியது, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தத் தூரம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி விமான நிலையம் வடக்கே 8.72 பாகையில், கிழக்கே 78.03 பாகையில் இருக்கிறது. உதாரணத்துக்குச் சென்னைக்குக் கணக்குப் போடுவோம். சென்னை விமான நிலையம் 12.99, 80.17. பள்ளிக்கூடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை படித்திருப்பீர்கள். அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை, பூமத்திய ரேகையில் 111 இருக்கும், துருவத்தை நோக்கிப் போகப்போகக் குறையும். நம் பக்கம் 109-க்குக் கொஞ்சம் மேலே. ஆக, வாகைக்குளத்திலிருந்து சென்னை வடக்கே 474 கிலோமீட்டர், கிழக்கே 233 கிலோமீட்டர். பிதாகரஸ் சொன்னபடி இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 530-ஐ ஒட்டி வரும். பூமி உருண்டை என்பதைச் சேர்த்துப் போடும் பெரிய சூத்திரம் உண்டு. இந்தக் குறைந்த தூரத்துக்கு அதில் போட்டாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் மாறும். என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தாளில் போட்ட விடை கம்ப்யூட்டரில் வந்ததோடு ஒத்துப்போனபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதே தூரத்தை ஒரு இணையப் பக்கம் 530 என்கிறது, இன்னொன்று 330 என்கிறது, வேறொன்று 286 என்கிறது. மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது நாம் அறிந்த மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

சரி, முக்கூடல் தம்பிக்கு வருவோம். வாகைக்குளத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேர்கோடு போட்டால் 125 கிலோமீட்டர். அந்தக் கோடு பாளையங்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே போகும், பத்தமடைக்கும் களக்காட்டுக்கும் நடுவே போகும், அப்புறம் பொதிகை மலையின் அகத்தியர் சிகரத்துக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் தெற்காக மலையைத் தாண்டிக் கேரளத்தில் இறங்கும். சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். விமானத்துக்கு அது பெரிய உயரமில்லை. ஆனால் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற இரண்டு ஊருக்கு நடுவே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். எரிபொருள் அதிகம் செலவாவது ஏறும்போதுதான். பஸ்ஸும் ரயிலும் ஓடுகிற தடத்தில் அதற்கு ஆள் சேர்வது கஷ்டம்.

இன்னொன்றையும் கவனித்தேன். வாகைக்குளத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டாலும் ஏறக்குறைய அதே 125-தான் வருகிறது, ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னே பின்னே. வடக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் நாம். திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு மூன்று விமான நிலையம் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. இதைப் பலரும் யோசிப்பதில்லை.

அப்போ வாகைக்குளத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு டிக்கெட்டே வராதா என்றால், வரும். தேடிப் பார்த்தால் சென்னை வழியாகக் காட்டும், பெங்களூரு வழியாகக் காட்டும். சென்னைக்கு 530, சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு 610-ஐ ஒட்டி, மொத்தம் 1,140 கிலோமீட்டர். பெங்களூரு வழியாகப் போனாலும் ஆயிரத்துக்கு மேலே. 125 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊருக்கு, சிகிச்சை எடுத்துக் களைத்திருக்கிற ஒரு அம்மாவை இப்படி வடக்கே கொண்டுபோய்த் திரும்பத் தெற்கே இறக்க எனக்கு மனசு வராது. நாங்குநேரி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாகக் காரில் போனால் நான்கு மணி நேரம். மார்த்தாண்டம் தாண்டியதிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நெரிசல்தான், அதற்கு அரை மணி நேரம் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவால் படுத்துக்கொண்டு போக முடிந்தால் ரயில் அதைவிட நல்லது. நாகர்கோவில் வழியாகப் போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் எடுத்துக்கொடுத்தேன். விமான டிக்கெட் போட்டிருந்தால் எனக்குக் கமிஷன் கூட வந்திருக்கும். அதுக்காகச் செய்யக் கூடாது.

இனி நேரம். குழப்பம் அதிகம் இதில்தான். தூரம் சொல்லும் பக்கங்கள் பலவும் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி நேரம் கூட்டிப் போட்டுவிடும். நம் வாகைக்குளத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நான் போட்டுக்கொடுக்கிற டிக்கெட்டில் வருவது பெரும்பாலும் ஏடிஆர் விமானம், இறக்கையில் காற்றாடி சுழல்கிற வகை. அது உயரே போய்ச் சீராகப் பறக்கும்போது மணிக்கு 510 கிலோமீட்டர் வேகம். ஜெட் என்றால் 830-ஐ ஒட்டி. ஆகவே 530 கிலோமீட்டருக்கு 800-ஆல் வகுத்து நாற்பது நிமிடம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று இருந்தால், அவ்வளவும் வானத்தில் இருக்கிற நேரமா? அதுவும் இல்லை. விமானத் தொழிலில் இருக்கிறவர்கள் அதைப் பிளாக் டைம் என்பார்கள். நிற்கும் விமானம் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் நின்று திரும்ப முட்டு வைக்கிறவரைக்கும் ஆகிற நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முறை வரக் காத்திருப்பது, இறங்கியபின் உருண்டு நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அதில் சேர்த்தி. வாகைக்குளத்தில் இந்த உருளல் கொஞ்சம்தான். சென்னையில் அப்படியில்லை. அங்கே முக்கிய ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நம் விமானம் தெற்கிலிருந்து போகிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிராகத்தான் இறக்க வேண்டும் என்பதால் சில நாள் கடலுக்கு மேலே போய்த் திரும்பி வரும், சில நாள் மேற்கே சுற்றி வரும். முன்னால் நாலு விமானம் வரிசையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சுற்ற வைப்பார்கள். நேர்கோட்டு 530 கிலோமீட்டர் அப்படித்தான் கூடிப்போகிறது.

இன்னொரு வேடிக்கையான விஷயம். வேகம் இவ்வளவு கூடியிருந்தும் இந்த மாதிரிச் சின்னத் தூரத்தில் ஜெட் பெரிய நேரத்தை மிச்சம் பண்ணாது. மதுரையிலிருந்து சென்னை சுமார் 417 கிலோமீட்டர். ஜெட்டில் போனாலும் டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிடம், இல்லையென்றால் ஒன்றேகால் மணி என்றுதான் இருக்கும். ஏறுவதும் இறங்குவதும் உருள்வதும் எல்லா விமானத்துக்கும் பொது. வேகம் காட்டுவதற்கு நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் கிடைக்கிறது. ஆகவே "ஏடிஆரா? வேண்டாம்க்கா" என்று முகம் சுளிக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: நீங்கள் இழப்பது ஒரு இருபது நிமிடம்.

நமக்கு ஏன் இத்தனை காலம் காற்றாடி விமானமே வந்தது என்பதற்குக் காரணம் எளிது. வாகைக்குளத்தின் ஓடுபாதை 1,350 மீட்டர் நீளம்தான் இருந்தது. நிறைய ஆளும் சுமையும் ஏற்றிய ஜெட் அதில் ஓடி எழும்ப முடியாது. ஏடிஆருக்கு அது ஏறக்குறைய அளவெடுத்த மாதிரி. இப்போது அதை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். புதிய முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஏர்பஸ் 321 வரை இறங்கும் அளவுக்கு ஓடுபாதையைப் போட்டிருக்கிறார்கள். பழைய முனையத்தில் ஒரு விமானத்துக்கான ஆட்கள் உட்கார்ந்தாலே இடம் நெருக்கும். புதியதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. டெல்லி, மும்பை என்று நேராக ஒரு விமானம் இங்கேயிருந்து கிளம்பினால், நம் பிள்ளைகள் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ராத்திரியில் கார் பிடித்து ஓட வேண்டியதில்லை. அதற்காகக் காத்திருக்கிற பெற்றவர்கள் என் கடைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். பாளையங்கோட்டையிலிருந்து வாகைக்குளம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், நாலு வழிச் சாலை, முக்கால் மணி நேரம் போதும். வல்லநாட்டுப் பாலத்தில் வேலை நடந்தால் ஒரு பக்கம் மட்டும் விடுவார்கள், அந்த நாளில் கால் மணி கூட வையுங்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கவுன்டரை மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். பறக்க ஒன்றரை மணி. சென்னையில் பெட்டி வர அரை மணி, மெட்ரோ பிடித்து ஊருக்குள் போக முக்கால் மணி. கூட்டினால் ஐந்து மணி நேரம். வந்தே பாரத் ரயில் நெல்லையிலிருந்து எழும்பூருக்கு 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் போகிறது. 2023 செப்டம்பரில் அது வந்த பிறகு, பகலில் போகிறவர்களில் பலருக்கு நானே அதைத்தான் எடுத்துக்கொடுக்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. பகலில் ஒரு மணி நேரம்கூடச் செலவில்லை. விமானம் வேண்டியது யாருக்கு என்று கேட்டால், அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்ப வேண்டியவர்களுக்கும், நெடுநேரம் உட்கார்ந்து வர முடியாத உடம்புக்காரர்களுக்கும், அப்புறம் துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வருகிறவர்களுக்கும்.

துட்டிக்கு வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடை மூடிய பிறகு ராத்திரியில் என் போன் அடித்தால் பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு பிள்ளை பேசும். "எக்கா, அம்மா போயிட்டா. காலையில முதல் ஃப்ளைட்டு எத்தனை மணிக்கு? சீட் இருக்கா?" அழுகையோடு பேசுகிறவரிடம் நீட்டி விளக்க முடியாது. நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்கு எடுக்குதாவ?" அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவேன். ஊருக்குள் போய்ச் சேர்ந்து, குளித்து, நீர்மாலைச் சடங்குக்குப் போய்வர ஒரு மணி நேரம் வேண்டும். வாகைக்குளத்திலிருந்து முன்னீர்பள்ளம் என்றால் ஒரு மணி நேரம், அம்பாசமுத்திரம் என்றால் ஒன்றே முக்கால், கடையம் பக்கம் என்றால் இரண்டு.

செய்தி ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குள் வந்தால் சென்னைக்காரர்களைக் காரில் உடனே கிளம்பச் சொல்வேன். சாலை வழி 620 கிலோமீட்டருக்கு மேல்; ராத்திரியில் பத்து மணி நேரம், வண்டி ஓட்ட இரண்டு பேர் இருக்க வேண்டும். விடிந்து கொஞ்ச நேரத்தில் வீடு சேர்ந்துவிடலாம். நள்ளிரவு தாண்டிச் செய்தி வந்தால் விமானம்தான். தூக்கமில்லாமல், மனசு சரியில்லாமல் அந்த நேரத்தில் காரை எடுக்காதீர்கள் என்று கெஞ்சியே சொல்வேன். வாகைக்குளம் விமானத்தில் இடம் இல்லையென்றால் உடனே மதுரைக்குத் தேடுவேன். மதுரையிலிருந்து நெல்லை வரை நாலு வழிச் சாலையில் இரண்டே முக்கால் மணி நேரம். அதுவும் இல்லையென்றால் திருவனந்தபுரம். டிக்கெட் உறுதியானதும் ஊரில் இருக்கிற பெரியவர் ஒருவரின் நம்பரை வாங்கி நானே பேசிவிடுவேன். "அண்ணாச்சி, தம்பி இத்தனை மணிக்கு வாகைக்குளத்துல இறங்குதான், அதுக்கு முன்னால எடுத்துராதீய" என்று சொன்னால் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். வருகிற பிள்ளை விமானத்தில் போனை அணைத்து வைத்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டார் பதறக்கூடாது இல்லையா? பிளாக் டைம் என்றால் என்ன, இறங்கியபின் வெளியே வர எத்தனை நிமிடம் என்பதை நான் கற்றுவைத்திருப்பது இதற்குத்தான். பையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் வாகைக்குளத்தில் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடலாம். சென்னை மாதிரி நடக்க வேண்டியதில்லை. சின்ன விமான நிலையத்தின் அருமை அது.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது, தூத்துக்குடி விமானங்களை ரத்து செய்தார்கள், சாலை அறுந்துகிடந்தது. அந்த நாட்களில் 30 கிலோமீட்டர் தள்ளியிருந்த வாகைக்குளம் எங்களுக்கு எட்டவே எட்டாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் முக்கியமான வேலைக்குப் போகிறவர்கள் அடுத்த விமானத்துக்கு நேரம் இருக்கிற மாதிரிக் காலை விமானத்தை எடுங்கள். மேகம் தாழ்ந்திருந்தால் மதுரைக்குத் திருப்பிவிடவும் கூடும். அங்கேயிருந்து வருவதற்குக் கையில் காசு வைத்திருங்கள்.

எந்த ஊர்க்காரர் எங்கே போகலாம் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். பாளை, நெல்லை, சேரன்மகாதேவி, அம்பை எல்லாம் வாகைக்குளம்தான். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக்காரர்கள் வளைகுடாவுக்குப் போவதென்றால் திருவனந்தபுரம். வள்ளியூரிலிருந்து 100 கிலோமீட்டர்தான், அங்கேயிருந்து நேர் விமானம் இருக்கிறது. அதே ஆட்கள் சென்னைக்குப் போவதென்றால் வாகைக்குளத்துக்கு வாருங்கள். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் ஆரியங்காவு வழி மலைப்பாதையை நம்பித் திருவனந்தபுரத்துக்கு நேரம் குறிக்க வேண்டாம். சபரிமலை சீசனில் அந்தப் பாதை ஊர்ந்துதான் போகும். கோவில்பட்டிக்காரர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டிக்கெட் விலை எங்கே குறைவோ அங்கே போகலாம்.

கடைசியாக, முதல் முறை பறக்கிற வயசானவர்களுக்கு. ஏடிஆரில் ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கக் கதவு வழியாகத்தான். முன்வரிசைதான் உசத்தி என்று நினைத்துப் பிள்ளைகள் கூடக் காசு கட்டி முன்னால் எடுத்துக்கொடுப்பார்கள்; பாவம், அந்த ஆச்சி ஒடுக்கமான நடைபாதையில் கடைசிவரை வரவேண்டியிருக்கும். நான் எப்போதும் பின் வரிசையில் போடுவேன். இறக்கை மேலே இருக்கிற விமானம் என்பதால் கீழே தெரிவதை இறக்கை மறைக்காது. சென்னைக்குப் போகும்போது வலது கை ஜன்னலில் மன்னார் வளைகுடா தெரியும். திரும்பி வரும்போது இடது கை ஜன்னல். டிக்கெட் போட வரும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள், எந்தக் கடையிலும் போட்டுத் தருவார்கள்.